மெமோ வரும் என்ற சொல்

என் நாற்காலிக்குப் பின்னால் ஒருவர் வந்து நிற்பதை, அவருடைய நிழல் மேசையில் விழுவதற்கு முன்பே முதுகு உணர்ந்துவிடும் நிலைக்கு நான் எட்டு மாதங்களில் வந்து சேர்ந்தேன். விலைப்பட்டியல்களைக் கொள்முதல் ஆணைகளோடு ஒப்பிட்டுச் சரிபார்த்து, பணம் வழங்கப் பரிந்துரைப்பது என் வேலை. அதே வேலையை ஆறு ஆண்டுகளாகச் செய்துவந்தேன். என் கோப்புகளில் சிலவற்றை மாதத்துக்கு ஒருமுறை மாதிரிக்கு எடுத்துப் பார்ப்பார்கள், பிழை இருந்தால் கூப்பிட்டுச் சொல்வார்கள், நானும் திருத்திக்கொள்வேன். புதிய மேலாளர் பொறுப்பேற்ற மூன்றாவது வாரத்தில், ஒரே விலைப்பட்டியலுக்கு இரண்டு முறை பணம் வழங்கும்படி பரிந்துரைத்துவிட்டேன். பணம் வெளியே போவதற்கு முன்பே அடுத்த மேசையில் அது பிடிபட்டது. தவறு என்னுடையதுதான்; அன்றே அதை எழுத்தில் ஒப்புக்கொண்டேன். அதற்குப் பிறகு நடந்தவற்றைப் பற்றியதே இந்தப் பதிவு. இதே நிலையில் இப்போது சிக்கியிருப்பவர்கள் யாராவது படித்தால், எனக்கு மிகவும் தாமதமாகத் தெரியவந்த சில செய்திகள் அவர்களுக்கு முன்னதாகவே கிடைக்கட்டும் என்றுதான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

மறுநாளே எனக்கென்று மட்டும் ஓர் எக்செல் தாள் திறக்கப்பட்டது. அரை மணி நேரத்துக்கு ஒரு வரி. எந்தக் கோப்பு, எத்தனை பக்கம், முடிந்ததா இல்லையா என்று நிரப்ப வேண்டும். கடைசிக் கட்டத்தின் தலைப்பு ‘இடைவெளிக்கான காரணம்’. கணினியில் பத்து நிமிடத்துக்கு மேல் அசைவு இல்லாவிட்டால் அதற்கான காரணத்தை அங்கே எழுத வேண்டும். முதல் நாள் மதியம் அந்தக் கட்டத்தில் ‘கழிப்பறை’ என்று தட்டச்சு செய்ய வேண்டிவந்தபோது, என் விரல் விசையின் மேல் அப்படியே நின்றுவிட்டது. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு ‘தனிப்பட்ட காரணம்’ என்று எழுதினேன். சற்று நேரத்தில் மேலாளர் வந்து, “தனிப்பட்ட காரணம் என்றால் என்ன?” என்று பிரிவில் இருந்த அனைவர் காதிலும் விழும்படி கேட்டார். அன்று நான் சொன்ன பதில் எனக்கு நினைவில்லை. பக்கத்து மேசைக்காரர் தன் திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் இருந்தது மட்டும் நினைவிருக்கிறது.

அந்தத் தாளைவிட அதிகமாக என்னை அரித்தது வாய்ச்சொல்தான். “இப்படியே போனால் மெமோ வரும்” என்பார். இன்னொரு நாள், “உங்கள் பெயர் மேலே போயிருக்கிறது” என்பார். யாரிடம் போயிருக்கிறது, எதற்காகப் போயிருக்கிறது என்று கேட்டால், “நேரம் வரும்போது தெரியும்” என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார். இவற்றில் ஒன்றுகூட எழுத்தில் வந்ததில்லை. நின்றுகொண்டு சொன்னதாகவோ தொலைபேசியில் சொன்னதாகவோதான் இருக்கும். எழுத்தில் இல்லாத மிரட்டலுக்கு அளவு கிடையாது என்பதை நான் அப்போது புரிந்துகொள்ளவில்லை. அது எச்சரிக்கைக் கடிதமா, சம்பள உயர்வு நிறுத்தமா, தற்காலிகப் பணிநீக்கமா, வேலையே போய்விடுமா என்று தெரியாததால், இரவில் படுத்தவுடன் மனம் நான்கையும் ஒன்றன்பின் ஒன்றாக நடத்திப் பார்த்துவிடும்.

‘மடியில் கனமிருந்தால்தானே வழியில் பயம்’ என்று நண்பர்கள் சிலர் சொன்னார்கள். நல்ல எண்ணத்தோடு சொன்னதுதான். ஆனால் இந்த விஷயத்தில் அது தவறு என்று உறுதியாகச் சொல்வேன். மடியில் கனமே இல்லாதவரையும் வழியில் பத்தடிக்கு ஒருமுறை நிறுத்திச் சோதித்தால், அவர் நடையே மாறிவிடும். முன்பு மாதத்துக்கு இரண்டு மூன்று சிறு பிழைகள் செய்துகொண்டிருந்த நான், அந்தத் தாள் வந்த பிறகு வாரத்துக்கு இரண்டு மூன்று செய்யத் தொடங்கினேன். ஒரு விலைப்பட்டியலைப் படிக்கும்போதே, அடுத்த வரியை நிரப்ப இன்னும் எத்தனை நிமிடம் இருக்கிறது என்று கண் கடிகாரத்துக்குப் போகும். திரும்பி வரும்போது எந்த எண்ணில் விட்டேன் என்பது மறந்திருக்கும். என் திறமையே குறைந்துவிட்டதோ என்று வெகு நாட்கள் நம்பிக்கொண்டிருந்தேன்.

அப்படி இல்லை என்பதைப் பின்னர் படித்துத் தெரிந்துகொண்டேன். ராபர்ட் ஸையான்ஸ் என்ற உளவியலாளர் 1965-ல் வெளியிட்ட கட்டுரையில், பிறர் பார்த்துக்கொண்டிருக்கும்போது நமக்கு நன்கு பழகிய எளிய செயல்கள் வேகமாக நடக்கின்றன என்றும், புதிதாகக் கற்க வேண்டிய, சிந்தித்துச் செய்ய வேண்டிய செயல்கள் தடுமாறுகின்றன என்றும் விளக்கியிருந்தார். என் வேலையில் பழகிய பகுதியும் உண்டு, ஒவ்வொரு முறையும் புதிதாக யோசிக்க வேண்டிய பகுதியும் உண்டு; நான் தடுமாறியதெல்லாம் இரண்டாவது பகுதியில்தான். உடம்பும் இதில் தப்புவதில்லை. லண்டனில் அரசு ஊழியர்கள் 10,308 பேரை 1985 முதல் தொடர்ந்து கவனித்துவரும் இரண்டாம் வைட்ஹால் ஆய்வில், தங்கள் வேலையைத் தாங்களே தீர்மானித்துச் செய்யும் இடம் குறைவாக உள்ளவர்களுக்கு இதயநோய் வரும் வாய்ப்பு அதிகம் என்று கண்டறிந்தார்கள். வேலை கடினமாக இருப்பது வேறு, கடினமான வேலையில் நமக்கென்று ஒரு சொல்லும் இல்லாமல் இருப்பது வேறு. எனக்குத் தூக்கம் கெட்டதும், ஞாயிற்றுக்கிழமை மாலை ஆனாலே வயிறு இறுகியதும் என் மனப் பலவீனம் அல்ல என்று அறிந்துகொண்டதே பாதி மருந்தாக இருந்தது.

மேற்பார்வையே கூடாது என்று நான் சொல்லவில்லை. பிறருடைய பணம் என் கையொப்பத்தில் வெளியே போகிறது. அதை இன்னொருவர் பார்க்கத்தான் வேண்டும். தவறு செய்தவரைச் சில வாரங்கள் கூடுதலாகக் கவனிப்பதும் நியாயமே. ஆனால் எதற்காகக் கவனிக்கிறார்கள், எது சரியானால் போதும், எப்போது நிறுத்துவார்கள் என்ற மூன்றும் கவனிக்கப்படுபவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவை தெரியாவிட்டால் அதற்குப் பெயர் மேற்பார்வை இல்லை. இது இன்று நேற்று எழுந்த வழக்கும் இல்லை. ஃபிரெடெரிக் டெய்லர் என்ற அமெரிக்கப் பொறியாளர் நிறுத்துக் கடிகாரத்தை வைத்துத் தொழிலாளியின் ஒவ்வோர் அசைவையும் அளக்கும் முறையைப் பரப்பிய காலத்தில், 1911 ஆகஸ்டில், அமெரிக்காவின் வாட்டர்டவுன் ராணுவத் தளவாடச் சாலையில் ஒரு வார்ப்புத் தொழிலாளி தன் வேலையைக் கடிகாரத்தால் அளக்க விட மறுத்தார். அவரை நீக்கியதும் மற்ற வார்ப்புத் தொழிலாளர்களும் வேலையை விட்டு வெளியேறினார்கள். அந்த முறையைப் பற்றி விசாரிக்க அமெரிக்க நாடாளுமன்றமே ஒரு குழுவை அமைத்தது. கணினித் திரையில் பச்சைப் புள்ளி எரிகிறதா என்று பார்க்கும் காலத்திலும் கேள்வி அதேதான்: அளப்பவர் மட்டும் அறிந்த அளவுகோலால் ஒருவரை அளக்கலாமா?

எனக்கு வழி காட்டியவர் எங்கள் பிரிவில் நீண்ட காலம் பணியாற்றி ஓய்வுபெற்ற ஒரு அக்கா. தொழிற்சங்கப் பொறுப்பிலும் இருந்தவர். நான் அழாத குறையாகச் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: “இதில் எதெல்லாம் தாளில் இருக்கிறது?” எக்செல் தாளைத் தவிர ஒன்றும் இல்லை என்றேன். “அப்படியானால் முதலில் அவரை எழுத வை. அவர் எழுதாவிட்டால் நீ எழுது. எழுதும்போது கோபத்தைக் கலக்காதே, அவருடைய குணத்தைப் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம், தேதி, நேரம், சொன்னது, செய்தது, அவ்வளவுதான்” என்றார்.

அன்று இரவே ஒரு நோட்டுப் புத்தகத்தைத் தொடங்கினேன். தாள் பிரித்துச் சேர்க்க முடியாத, தைத்த நோட்டு. பிற்பாடு இட்டுக்கட்டியது என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக. ஒவ்வொரு பதிவும் நான்கைந்து வரிதான் இருக்கும். ‘செவ்வாய், காலை 11.20. மேலாளர் என் மேசைக்கு வந்தார். கோப்பு ஏன் முடியவில்லை என்று கேட்டார். கொள்முதல் ஆணையின் நகல் வரவில்லை என்றேன். மெமோ தயாராக இருக்கிறது என்றார். அருகில் இருவர் இருந்தனர்.’ அவர் முகம் எப்படி இருந்தது, எனக்கு எப்படி இருந்தது என்பதையெல்லாம் எழுதவில்லை. முதல் வாரம் அப்படி எழுதுவது கடினமாக இருந்தது. மனம் கொதிக்கும்போது கை அளந்து எழுத மறுக்கும். போகப் போக, எழுதி மூடியவுடன் அன்றைய நாள் அந்த நோட்டுக்குள்ளேயே தங்கிவிட்டது; இரவில் என்னோடு படுக்கைக்கு வரவில்லை.

மேலாளருக்கு அனுப்பிய மின்னஞ்சலை எழுத மூன்று நாள் எடுத்துக்கொண்டேன். ‘இன்று காலை நாம் பேசியதை நான் புரிந்துகொண்ட விதத்தில் பதிவு செய்கிறேன்’ என்று தொடங்கி, என் பணியில் எந்தெந்தக் குறைகளைத் திருத்த வேண்டும், எவ்வளவு காலத்துக்குள் திருத்த வேண்டும், திருந்தியது என்பதை எதைக் கொண்டு மதிப்பிடுவீர்கள் என்று கேட்டு, வாரம் ஒருமுறை பதினைந்து நிமிடம் உட்கார்ந்து என் வேலையைப் பார்வையிட இயலுமா என்றும் வேண்டியிருந்தேன். ‘புரிந்துகொண்டதில் தவறிருந்தால் திருத்தித் தெரிவிக்கவும்’ என்பதே கடைசி வரி. அந்தக் கடைசி வரி மிகவும் முக்கியமானது. அதற்குப் பதில் வந்தால் நமக்கு ஓர் அளவுகோல் கிடைக்கும். வராவிட்டால், கேட்டும் சொல்லவில்லை என்பதே ஒரு பதிவாகிவிடும். எனக்குப் பதில் வரவில்லை. ஆனால் அந்த வாரம் அவர் ஒருமுறைகூட மெமோ என்ற சொல்லைச் சொல்லவில்லை.

பிறகு ஒருநாள் கண்ணாடி அறைக்கு அழைத்தார்கள். எதற்கு என்று முன்கூட்டிச் சொல்லவில்லை. உள்ளே மேலாளரும், மனிதவளப் பிரிவைச் சேர்ந்த ஒருவரும், மேசையின் மேல் ஒரு பக்கக் கடிதமும் இருந்தன. நான் தொடர்ந்து கவனக்குறைவாக இருந்ததையும், அறிவுரைகளை மதிக்காததையும் ஒப்புக்கொள்வதாகவும், இனி நடந்தால் எந்த நடவடிக்கைக்கும் கட்டுப்படுவதாகவும் அதில் இருந்தது. பேனாவை என் பக்கம் தள்ளி, “இது வெறும் சம்பிரதாயம்தான், கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய் வேலையைப் பாருங்கள்” என்றார்கள். பேனாவை எடுத்தபோது கை நடுங்கியது என்பதை மறைக்கத் தேவையில்லை. அக்கா சொல்லியிருந்தது போலவே, கையொப்பமிடும் இடத்துக்கு மேல் ‘கடிதத்தைப் பெற்றுக்கொண்டேன். இதில் உள்ளவற்றை ஒப்புக்கொள்ளவில்லை. எழுத்துமூலம் பதில் தருகிறேன்’ என்று எழுதி, தேதியும் நேரமும் போட்டுக் கையெழுத்திட்டேன். நகல் ஒன்று கேட்டேன். நான்கைந்து நொடி யாரும் பேசவில்லை. மனிதவளப் பிரிவைச் சேர்ந்தவர்தான் எழுந்து போய் நகல் எடுத்துவந்து கொடுத்தார்.

கையெழுத்தே போட மாட்டேன் என்று மறுப்பதைவிட இது நல்லது. மறுத்தால், கடிதத்தை வாங்கவே மறுத்தார் என்று இன்னொரு குற்றச்சாட்டு சேர்ந்துவிடும். அந்த இடத்திலேயே வாதாடுவதும் வேண்டாம். அழைத்தவர்கள் தயாராக வந்திருப்பார்கள். நாம் தயாராக இல்லை. பதில் சொல்லக் கால அவகாசம் கேட்பது நம் உரிமை, அது பணிவின்மை ஆகாது.

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1982-ல் நிறைவேற்றிய 158-ஆம் உடன்படிக்கை, தகுந்த காரணம் இல்லாமல் ஒருவரை வேலையிலிருந்து நீக்கக் கூடாது என்கிறது. நடத்தையையோ செயல்திறனையோ காரணம் காட்டி நீக்குவதாக இருந்தால், குற்றச்சாட்டுக்கு எதிராகத் தன் தரப்பைச் சொல்ல அவருக்கு முதலில் வாய்ப்புத் தர வேண்டும் என்றும் கூறுகிறது. அதே ஆண்டில் வந்த 166-ஆம் பரிந்துரை இன்னும் விளக்கமானது. செயல்திறன் போதவில்லை என்று ஒருவரை நீக்குவதற்கு முன், தகுந்த அறிவுறுத்தலும் எழுத்துமூல எச்சரிக்கையும் தந்து, திருத்திக்கொள்ள நியாயமான காலமும் தர வேண்டும். தன் தரப்பைச் சொல்லும்போது இன்னொருவருடைய துணையைப் பெறும் உரிமையும் வேண்டும் என்கிறது. எல்லா நாடுகளும் அந்த உடன்படிக்கையை ஏற்கவில்லை. பரிந்துரை யாரையும் கட்டுப்படுத்துவதும் இல்லை. ஆகவே ஒவ்வொருவரும் தம் நாட்டுச் சட்டத்தையும், அதற்கு முன்பாகத் தம் நிறுவனத்தின் பணி விதிகளையும் தேடிப் படித்துவிட வேண்டும். எங்கள் நிறுவனத்து விதிகளை நான் ஆறு ஆண்டுகளில் முதன்முறையாக அந்த வாரம்தான் படித்தேன். எழுத்துமூல எச்சரிக்கைக்கு முன் விளக்கம் கேட்க வேண்டும் என்று பன்னிரண்டாம் பக்கத்தில் தெளிவாக அச்சிட்டிருந்தார்கள். என்னிடம் யாரும் விளக்கம் கேட்டிருக்கவில்லை.

பதிலை எழுதும்போது ஒன்றைப் பிடிவாதமாகக் கடைப்பிடித்தேன்: உண்மையானதை உண்மை என்று எழுதுவது. இரட்டைப் பரிந்துரை நடந்தது. அது என் தவறு. அதன் பிறகு அப்படி நடக்காதிருக்க விலைப்பட்டியல் எண்ணை இரண்டாவது முறை ஒப்பிடுகிறேன் என்று முதல் பத்தியிலேயே எழுதினேன். அதை மழுப்பியிருந்தால் மற்றவற்றையும் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். ‘தொடர்ந்து கவனக்குறைவு’ என்பதற்கு எந்தெந்தக் கோப்புகள், எந்தத் தேதிகள் என்று கேட்டேன். ‘அறிவுரைகளை மதிக்காதது’ என்பதற்கு, அறிவுரை கேட்டு நான் அனுப்பி, பதில் வராமல் போன மின்னஞ்சலின் நகலை இணைத்தேன். ஒன்றரைப் பக்கத்துக்கு மேல் போகவில்லை. அக்காவிடம் காட்டினேன், அவர் இரண்டு பெயரடைகளை அடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

செய்யக் கூடாதவை சிலவும் உண்டு. ஆதாரம் வேண்டும் என்ற பதற்றத்தில் அலுவலகக் கோப்புகளைச் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பிவிடாதீர்கள். அதுவே உண்மையான ஒழுங்கு நடவடிக்கைக்குக் காரணமாகிவிடும். பேச்சை ரகசியமாகப் பதிவு செய்வது சில இடங்களில் சட்டப்படி குற்றம். அலுவலகக் கணினியில் நண்பரிடம் மேலாளரைப் பற்றிப் புலம்ப வேண்டாம். ருமேனிய ஊழியர் ஒருவருடைய செய்திகளை நிறுவனம் படித்த வழக்கில், கண்காணிப்பின் தன்மையையும் அளவையும் அவருக்கு முன்கூட்டித் தெரிவிக்காததைச் சுட்டிக்காட்டி, ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2017-ல் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது உண்மைதான். ஆனால் அந்தத் தீர்ப்பு வருவதற்கு முன் அவர் பட்ட ஆண்டுக்கணக்கான அலைச்சலை நாம் படத் தேவையில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, கோபத்தில் ராஜினாமா எழுதாதீர்கள். நான் இரண்டு முறை எழுதினேன். இரண்டு முறையும் ஓர் இரவு கழியட்டும் என்று வைத்திருந்து கிழித்தேன். விலகுவது தவறு இல்லை, உடல்நலம் கெட்டுவிடும் என்றால் விலகத்தான் வேண்டும். ஆனால் அது நாம் குறித்த தேதியில், அடுத்த வேலையைப் பார்த்துவைத்த பிறகு நடக்கட்டும்.

அந்த மேலாளரைப் பற்றியும் எழுதிவிட வேண்டும். அவர் மேசையில் எல்லாப் பிரிவுகளின் தாமதத்தையும் சிவப்பிலும் பச்சையிலும் காட்டும் ஒரு வரைபடம் இருந்தது. எங்கள் பிரிவு சிவப்பில் இருந்தால் வாரக் கூட்டத்தில் அவரை எழுப்பி நிறுத்திக் கேட்பார்கள் என்பது எனக்குப் பின்னால்தான் தெரியவந்தது. அவருக்கு மேலிருந்து வந்த அச்சத்தை அவர் எனக்குக் கைமாற்றிக்கொண்டிருந்தார். அதற்காக அவர் செய்தது சரியாகிவிடாது. 2019-ல் நிறைவேறிய சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 190-ஆம் உடன்படிக்கை, பணியிடத்தில் மனத்துக்கோ பொருளாதாரத்துக்கோ தீங்கு விளைவிக்கக்கூடிய ஏற்கத்தகாத நடத்தையை மட்டும் அல்லாமல், அத்தகைய மிரட்டலையும் வன்முறை, துன்புறுத்தல் என்ற வரையறைக்குள்ளேயே வைக்கிறது. ஒரே ஒருமுறை நடந்தாலும் அந்த வரையறைக்குள் வரலாம். கடுமையான மேலாளர் எல்லோரும் அதில் அடங்க மாட்டார்கள் என்பதும் உண்மை. ஆனால் பலர் முன்னிலையில் கழிப்பறைக்குப் போனதற்கு விளக்கம் கேட்பதை வெறும் கண்டிப்பு என்று இனி ஒருபோதும் நான் ஏற்க மாட்டேன்.

என் பதிலுக்குப் பிறகு ஐந்து வாரங்கள் ஒன்றும் நடக்கவில்லை. அந்த ஐந்து வாரங்கள்தான் மிகவும் நீளமானவை. ஆறாவது வாரம் மனிதவளப் பிரிவிலிருந்து இரண்டு வரிக் கடிதம் வந்தது: விளக்கம் ஏற்றுக்கொள்ளப்பட்டது, மேல்நடவடிக்கை இல்லை. மன்னிப்போ வருத்தமோ அதில் இல்லை. எக்செல் தாளை நிறுத்தச் சொல்லி யாரும் சொல்லவில்லை. ஒரு திங்கட்கிழமை நான் நிரப்பவில்லை, யாரும் கேட்கவில்லை. பக்கத்து மேசைக்காரர் அன்று மாலை என்னோடு மின்தூக்கிவரை நடந்து வந்து, “அன்றைக்கு நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும்” என்றார். அவருக்கும் குடும்பம் இருக்கிறது, அவருக்கும் பயம் இருந்திருக்கும். பரவாயில்லை என்றேன், மனதாரத்தான் சொன்னேன்.

இப்போது வேறு பிரிவில் இருக்கிறேன். அங்கே புதிதாகச் சேர்ந்த ஒருவருடைய கோப்புகளைப் பார்க்கும் பொறுப்பு எனக்கு வந்திருக்கிறது. காலை 11 மணிக்கும் மாலை 4 மணிக்கும் வருவேன், முதல் இரண்டு மாதங்களுக்கு மட்டும், ஒப்பிட்ட எண்களை மட்டும்தான் பார்ப்பேன் என்று முதல் நாளே அவருக்கு மின்னஞ்சல் அனுப்பிவிட்டேன். அந்த நேரத்தில் போகும்போது, அவருக்குப் பின்னால் நிற்காமல், ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன்.